பதினான்கு சென்டிமீட்டர் துண்டுகளில் ஒரு கப்பல்

2025 ஜூலை கடைசி வாரம். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா முடிந்திருந்தது. ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது கப்பற்படை அனுப்பி ஆயிரம் ஆண்டுகள் நிறைவதால் இந்த முறை கூட்டம் அதிகம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலர் பெற்றோருடன் போய் வந்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடம் தொடங்குவதற்காகப் பீக்கரும் தண்ணீருமாக நுழைந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், ராஜா போனாருன்னு சொல்றாங்க. அந்தக் கப்பலையெல்லாம் யாரு சார் கட்டுனது? எத்தனை நாள் ஆச்சு?”

எனக்குத் தெரியவில்லை. பல கலங்களைக் கடலில் செலுத்தியதை ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. ஸ்ரீவிஜயம், மாநக்கவாரம், கடாரம் என்று வென்ற இடங்களையும் வரிசைப்படுத்துகிறது. ஒரு கலத்தின் நீளம் என்ன, எந்த மரம், எத்தனை தச்சர்கள், யார் கணக்குப் போட்டார்கள் என்பதற்கு நம் கைக்கு வந்த வரைபடம் எதுவும் இல்லை. “தெரியாதும்மா. இப்ப எப்படிக் கட்டுறாங்கன்னு வேணும்னா கண்டுபிடிக்கலாம்” என்றேன். ஏதோ சமாளிப்பதற்காகச் சொன்ன அந்தப் பதில் எங்களை ஆறு வாரம் வேலை வாங்கியது. அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து செய்தால் இன்னும் நன்றாக வரும்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டும் கடற்கரை இல்லாத மாவட்டங்கள். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடலையே பார்த்ததில்லை. கப்பலைப் பக்கத்தில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் நாங்கள் நிற்கிற மண் ஒரு காலத்தில் கடலின் அடித்தரை. காரைப் பகுதியில் மழை பெய்து ஓய்ந்தால் கடல் உயிரிகளின் தொல்லெச்சம் காலில் தட்டுப்படும். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் அடித்து வரப்பட்டுப் புதைந்தது. இங்குள்ள சிமெண்டு ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். இதையெல்லாம் சொன்னபோது ஒரு பையன், “அப்ப கடல் இருக்கு, கப்பல்தான் சார் இல்ல” என்றான்.

மைதானத்தில் கயிறு

ஆகஸ்டு 26 அன்று எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. விசாகப்பட்டினத்தில் உதயகிரி, ஹிம்கிரி என்ற இரண்டு போர்க்கப்பல்கள் ஒரே நாளில் கடற்படையில் சேர்க்கப்பட்டன. உதயகிரி மும்பையில் மசகான் டாக் கட்டியது, ஹிம்கிரி கொல்கத்தாவில் கார்டன் ரீச் கட்டியது. ‘17 ஆல்ஃபா’ என்ற திட்டத்தில் வரும் ஏழு கப்பல்களில் இவை இரண்டு. அந்த வரிசையின் முதல் கப்பலுக்கு நம் நீலகிரி மலையின் பெயர். அது அந்த ஆண்டு ஜனவரி 15 அன்றே சேர்ந்துவிட்டது. இந்த வகைக் கப்பலை ஃபிரிகேட் என்பார்கள். நீர்மூழ்கி, விமானம், எதிரிக் கப்பல் என மூன்றையும் எதிர்கொள்ளும் நடுத்தர அளவுப் போர்க்கப்பல்.

நடுத்தர அளவு என்றால் எவ்வளவு? நீளம் 149 மீட்டர். எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. கயிறு எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். முதலில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி நிறுவனம் கடலோரக் காவல் படைக்காகக் கட்டிய ரோந்துக் கப்பலை அளந்தோம். நீளம் ஏறத்தாழ 98 மீட்டர். எங்கள் 100 மீட்டர் ஓடுதளத்தில் இரண்டு மீட்டர் மிச்சம் வைத்து அடங்கியது. பிறகு ஃபிரிகேட். கயிறு மைதானத்தைத் தாண்டி, பள்ளி வாயிலைத் தாண்டி, சாலையோர டீக்கடைப் பெஞ்சில் போய் முடிந்தது. கடைக்காரர், “என்ன சார், ரோடு அகலப்படுத்துறாங்களா?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

எடைக்கு லாரிதான் எங்கள் ஊர் அளவுகோல். ஃபிரிகேட் சுமார் 6,670 டன். டிப்பர் ஒரு நடைக்கு 20 டன் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறது என்று வைத்தால் 334 நடை. ரோந்துக் கப்பல் 2,100 டன், 105 நடை. ஒன்பதாம் வகுப்பு மிதத்தல் விதி இங்கே உயிர் பெறும். மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை வெளியேற்றும். ஆகவே அந்த 6,670 டன் என்பது கப்பல் ஒதுக்கித் தள்ளும் கடல்நீரின் எடையும்தான். கடல்நீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,025 கிலோ. வகுத்தால் சுமார் 6,507 கன மீட்டர். எங்கள் வகுப்பறை ஆறுக்கு ஆறு மீட்டர், உயரம் மூன்று மீட்டர், அதாவது 108 கன மீட்டர். அறுபது வகுப்பறை நிறையத் தண்ணீரைக் கப்பல் இடம்பெயர வைக்கிறது. (கப்பலின் எடையையும் இயக்கப் பாடத்தில் வரும் தூரத்தையும் இடப்பெயர்ச்சி என்ற ஒரே சொல்லால் சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்கள். நான் ‘ஒதுக்கிய நீரின் எடை’ என்றே சொன்னேன்.)

1,025 என்று எழுதியவுடன் அந்தக் கடைசி வரிசை மாணவி கை தூக்கினாள். “சார், கடாரம் போனதும் 1025 தான சார்?” தற்செயல்தான் என்றேன். ஆனால் கடல்நீரின் அடர்த்தியை இனி அந்த வகுப்பில் யாரும் மறக்கமாட்டார்கள்.

எத்தனை கப்பல் வேண்டும்?

கப்பல் கட்டுவதில் முதல் வேலை எஃகு வெட்டுவது அன்று. ‘எதற்கு’ என்று கேட்பது. பிள்ளைகளிடம் கேட்டேன்: இவ்வளவு பெரிய ஃபிரிகேட் இருக்கும்போது சின்ன ரோந்துக் கப்பல் எதற்கு? “காய் வாங்க லாரி எடுத்துட்டுப் போக மாட்டோம்ல சார்” என்று ஒருவன் சொன்னான். அதற்கு மேல் நான் விளக்கவில்லை. கடத்தல் தடுப்பது, மீனவரை மீட்பது, எண்ணெய்க் கசிவைக் கட்டுப்படுத்துவது போன்ற வேலைகளுக்கு ஏவுகணை தேவையில்லை. நாள்கணக்கில் கடலில் நிற்கும் தெம்பும் வேகமும் போதும். காட்டுப்பள்ளிக் கப்பல் 26 நாட் வேகம் போகும். நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 48 கிலோமீட்டர். ஃபிரிகேட் 28 நாட், அதாவது 52 கிலோமீட்டர். “நம்ம ஊரு பஸ் அளவுதான் சார்” என்று ஏமாந்தார்கள். நீரைக் கிழித்துக்கொண்டு 334 லாரிச் சுமை அந்த வேகத்தில் போகிறது என்று நினைவுபடுத்தினேன்.

அடுத்து எண்ணிக்கை. நம் கரையிலிருந்து 200 கடல் மைல், ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வரை நம் பொருளாதார மண்டலம். கடற்கரை நீளம் 7,516 கிலோமீட்டர் என்றே நாம் படித்தோம், சொல்லிக்கொடுத்தோம். அண்மையில் நுணுக்கமான வரைபடத்தைக் கொண்டு அளந்ததில் 11,098 கிலோமீட்டர் என வந்திருக்கிறது. கரை வளரவில்லை. சிறிய வளைவுகளையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். சமூக அறிவியல் ஆசிரியர் இதை ஒரு தனி வகுப்பாக நடத்தினார். வேப்பிலையின் ஓரத்தை முதலில் ஸ்கேலாலும் பிறகு நூலாலும் அளக்கச் சொன்னார். நூல்தான் ஒவ்வொரு முறையும் நீளம்.

இவ்வளவு பரப்பில் ஓர் இடத்தில் எப்போதும் ஒரு கப்பல் நிற்க வேண்டுமென்றால் எத்தனை கப்பல் வேண்டும்? எல்லாரும் ஒன்று என்றார்கள். கடற்படைகளின் பொதுக்கணக்கு மூன்று. ஒன்று கடலில் நிற்கும். ஒன்று பழுதுபார்ப்பில் இருக்கும். ஒன்று பயிற்சியிலோ போய் வரும் வழியிலோ இருக்கும். தேர்வுப் பணி ஒதுக்கீடு போடும் தலைமையாசிரியருக்கு இது சொல்லாமலே புரியும்.

கணக்கு ஆசிரியர் விலையை எடுத்துக்கொண்டார். காட்டுப்பள்ளியில் ஏழு ரோந்துக் கப்பலுக்கு 2015 மார்ச்சில் போட்ட ஒப்பந்தம் 1,432 கோடி ரூபாய். கடற்படைக்காகக் கோவாவிலும் கொல்கத்தாவிலும் கட்ட 2023 மார்ச்சு 30 அன்று போட்ட ஒப்பந்தத்தில் பதினொரு புதிய தலைமுறை ரோந்துக் கப்பல்கள், 9,781 கோடி. 17 ஆல்ஃபாவின் ஏழு ஃபிரிகேட்டுக்கு ஏறத்தாழ 45,000 கோடி. கப்பல் ஒன்றுக்கு முறையே 205, 889, 6,429 கோடி. ஏன் இத்தனை வேறுபாடு? ஆண்டு வேறு, அளவு வேறு. ஆனால் பெரிய பங்கு, கப்பலுக்குள் வைக்கும் ரேடார், சோனார், ஏவுகணை ஆகியவற்றுக்குப் போகிறது. காட்டுப்பள்ளிக் கப்பலில் 30 மில்லிமீட்டர் துப்பாக்கிதான் முதன்மை ஆயுதம். ஃபிரிகேட்டில் பிரமோஸ். இரும்புக்கூட்டின் விலையை மட்டும் கப்பலின் விலை என்று நினைத்துத் திட்டமிடுகிறவர் தோற்பார்.

அட்டைப்பெட்டியில் ஏழு துண்டு

செய்முறைக்கு ரோந்துக் கப்பலைத் தேர்ந்தேன். காரணம் கணக்குதான். 98 மீட்டரை நூறில் ஒன்றாகச் சுருக்கினால் 98 சென்டிமீட்டர். ஏழு குழுவுக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் சரியாக 14 சென்டிமீட்டர்.

ஏன் பங்கிட வேண்டும்? பழைய முறையில் முதலில் கப்பலின் முதுகெலும்பை இடுவார்கள். நம் கடலோரத் தச்சர்கள் அதை ஏரா என்பார்கள். பிறகு விலா எலும்புபோலச் சட்டங்கள், அதன்மேல் தகடு, எல்லாம் மூடி நீரில் இறக்கிய பிறகு உள்ளே குழாய், ஒயர், இயந்திரம். இப்போது கப்பலைத் துண்டு துண்டாகப் பட்டறையிலேயே கட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் குழாயும் ஒயர்த் தாங்கியும் முன்கூட்டியே பொருத்தி, பளுதூக்கியால் தூக்கி வந்து பற்றவைக்கிறார்கள். 17 ஆல்ஃபா கப்பல்கள் இந்த முறையில் கட்டப்பட்டவை. அதற்கு முன் முழுக் கப்பலும் கணினியில் முப்பரிமாணத்தில் வரையப்பட்டிருக்க வேண்டும். மும்பையில் ஒரு துண்டின் சுவரில் இருக்கும் துளை, அடுத்த துண்டின் துளைக்கு நேராக வராவிட்டால் குழாய் போகாது.

எங்கள் கப்பலில் நடந்தது அதுவே. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு துளை: ஒன்று குளிர்பானக் குழல் போவதற்கு, ஒன்று சின்ன எல்.இ.டி. விளக்கின் ஒயருக்கு. கீழிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரத்தில் துளை என்று எழுதிக்கொடுத்திருந்தேன். ஏழு துண்டையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தால் மூன்றாவதும் ஆறாவதும் பொருந்தவில்லை. சண்டை வந்தது. “நாங்க 4 தான் வச்சோம்.” ஸ்கேலை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது குழுவின் பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் வெற்று விளிம்பு. அவர்கள் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறார்கள். ஆறாவது குழு அட்டையின் உள்பக்கத்திலிருந்து அளந்திருக்கிறது. இரண்டு குழுவும் உண்மையைத்தான் சொன்னார்கள். எங்கிருந்து அளப்பது என்று நான் எழுதிக்கொடுக்கவில்லை. திட்டமிட்டவன் தவறு.

அன்று அவர்களுக்கு வாசாவின் கதையைச் சொன்னேன். ஸ்வீடன் மன்னருக்காகக் கட்டிய 64 பீரங்கிப் போர்க்கப்பல் அது. 1628 ஆகஸ்டு 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதன்முதலாகப் பாய் விரித்தது. ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. காற்று சற்று வேகமாக வீசியதும் ஒருபக்கம் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் ஏறி, ஊர்மக்கள் கண்ணெதிரே மூழ்கியது. 1961இல் அதை மேலே எடுத்தார்கள், இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல்பாரம் அதிகம் என்பது முக்கியக் காரணம். கப்பலின் இரு பக்கமும் ஒரே கனத்தில் இல்லை என்பதையும் பின்னால் கண்டார்கள். அதற்குள்ளிருந்து நான்கு அளவுகோல்கள் கிடைத்தன. இரண்டு ஸ்வீடன் அடி, ஓர் அடிக்கு 12 அங்குலம். மற்ற இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடி, ஓர் அடிக்கு 11 அங்குலம். தச்சர்கள் எல்லாரும் அவரவர் ஸ்கேலில் சரியாகவே அளந்திருக்கிறார்கள்.

மூன்றாவது குழு பையன் முகம் அப்போதுதான் தெளிந்தது.

வாசா கதையில் எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. புறப்படுவதற்கு முன் முப்பது மாலுமிகளை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். கப்பலையோ நிறுத்தவில்லை. மன்னர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

ஏழு துண்டையும் ஒட்டிய பிறகு எங்களுக்கு இன்னொரு தலைவலி. ஒயர் கோக்க மறந்திருந்தோம். ஒட்டிய டேப்பைக் கிழித்து, மேல்தளத்தை வெட்டி, ஒயரை இழுத்து மறுபடி ஒட்டினோம். ஒரு முழுப் பாடவேளை போயிற்று. துண்டாக இருந்தபோது செய்திருந்தால் ஐந்து நிமிடம். கப்பல் கட்டுவோரிடம் 1-3-8 என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, பெரிய துண்டாக இணைத்த பிறகு மூன்று மணி நேரம் பிடிக்கும். கப்பல் நீரில் இறங்கிய பிறகு எட்டு மணி நேரம். வெள்ளையடித்து முடித்த வகுப்பறையில் திரைப்பலகைக்கு ஒயரிங் செய்யச் சுவரை உடைத்ததைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இது புதிதில்லை.

கடைசியாகச் சிமெண்டுத் தொட்டியில் மிதக்கவிட்டோம். முன்புறம் உயரமாக ஒரு கட்டளை மேடை, அதன்மேல் கொடிக்கம்பம் என்று அலங்கரித்திருந்தார்கள். நீரில் வைத்ததும் படுத்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாணவி ஓடிப்போய் ஒரு கை ஜல்லி அள்ளிவந்து அடித்தளத்தில் பரப்பினாள். எடை கூடியது, கப்பல் இன்னும் ஆழமாக இறங்கியது, ஆனால் நிமிர்ந்து நின்றது. எடையைக் கூட்டினால் மூழ்கும் என்று மனப்பாடமாகச் சொல்லிவந்தவர்கள் திகைத்தார்கள். ஈர்ப்பு மையம் பற்றி நான் அதற்கு முன் நடத்திய எல்லா வகுப்பும் அந்த ஒரு கைப்பிடி ஜல்லிக்கு ஈடாகாது.

இதைச் செய்ய விரும்பும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: செல்லோ டேப் இரண்டு நிமிடம்தான் தாங்கும். அட்டையின் மேல் மெழுகு தடவிவிட்டு ஒட்டுங்கள்.

முதல் கப்பலும் இரண்டாவது கப்பலும்

நாள்காட்டிக் கணக்குதான் பிள்ளைகளை மிகவும் யோசிக்க வைத்தது. நீலகிரியின் ஒப்பந்தம் 2015 தொடக்கத்தில். முதுகெலும்பு இட்டது 2017 டிசம்பர் 28. இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் என்ன செய்தார்கள்? வரைந்தார்கள், எஃகும் இயந்திரமும் வரவழைத்தார்கள். நீரில் இறக்கியது 2019 செப்டம்பர் 28. அன்றைய படத்தைத் திரையில் காட்டியபோது, “முடிஞ்சிருச்சு” என்றார்கள். முடியவில்லை. கடற்படையிடம் ஒப்படைத்தது 2024 டிசம்பர் 20. நீரில் மிதந்த பிறகும் ஏறத்தாழ 63 மாதம், நடுவில் கொரோனா வேறு. அதே மசகான் டாக், அதே வரைபடம், அடுத்து ஒப்படைத்த உதயகிரி நீரில் இறங்கியது 2022 மே 17, ஒப்படைத்தது 2025 ஜூலை 1. 37 மாதம்.

“ரெண்டாவது தடவை சீக்கிரம் முடிஞ்சிருச்சு” என்று ஒரு பையன் சொன்னான். அதனால்தான் ஒரே வடிவில் ஏழு கட்டுகிறார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் புதுப் புது வடிவம் என்றால் ஒவ்வொன்றும் முதல் கப்பல்தான். காட்டுப்பள்ளியில் விக்ரம் 2018 ஏப்ரலில் சேர்ந்தது, ஏழாவதான விக்ரகா 2021 ஆகஸ்டில். மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் ஏழு.

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததில்லை. விடுதலைக்குப் பின் இங்கேயே கட்டிய முதல் போர்க்கப்பலான அஜய், 1960இல் கொல்கத்தாவில் உருவான சிறிய ரோந்துப் படகு. பிறகு 1972இல் முதல் நீலகிரி. ஆம், இப்போதுள்ளதற்கு முன்பும் ஒரு நீலகிரி இருந்தது. அது பிரிட்டனின் லியாண்டர் வகை வரைபடத்தை வாங்கி மும்பையில் கட்டியது. இன்றைய நீலகிரியின் எடையில் பாதிகூட இல்லை. இரண்டாவது நீலகிரியை நம் கடற்படையின் வடிவமைப்புப் பிரிவே வரைந்தது. அந்தப் பிரிவு வரைந்த நூறாவது கப்பல் உதயகிரி. முன்பு வெளிநாட்டிலிருந்து வாங்கிய கப்பல் எஃகையும் இப்போது இங்கேயே உருக்குகிறார்கள்.

வரைந்து முடிக்காமல் கட்டத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நவம்பரில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்கா 2020இல் கான்ஸ்டலேஷன் வகை ஃபிரிகேட்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பாவில் ஏற்கெனவே ஓடும் கப்பலின் வரைபடத்தை எடுத்து, 85 விழுக்காடு அப்படியே வைத்துக்கொள்வதாகத்தான் திட்டம். பிறகு அதை மாற்று, இதை மாற்று என்று மாற்றியதில் மூலத்தோடு ஒற்றுமை 15 விழுக்காட்டுக்கும் கீழே போனது. வரைபடம் முடியாமலே 2022இல் எஃகை வெட்டத் தொடங்கினார்கள். எடை கூடியது. 2026இல் வர வேண்டிய முதல் கப்பல் 2029க்குத் தள்ளிப்போனது. 2025 நவம்பரில் முதல் இரண்டைத் தவிர மற்ற நான்கையும் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். பணமும் தொழில்நுட்பமும் இல்லாத நாடா அது? செய்தியைப் படித்துக் காட்டியபோது ஆறாவது குழு மாணவி, “அவங்களும் ஒயர் கோக்காம ஒட்டிட்டாங்களா சார்?” என்று கேட்டாள். நான் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

திட்டமிடலின் இன்னொரு முகம், தெரியாததற்கு இடம் விடுவது. ஒரு போர்க்கப்பல் இருபத்தைந்து, முப்பது ஆண்டு ஓடும். 2025இல் சேரும் கப்பலில் 2045இல் எந்தக் கருவி வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எடையிலும் மின்சாரத்திலும் கொஞ்சம் மிச்சம் வைத்தே வரைகிறார்கள். வீட்டுக்கு மாடி எடுக்கும் எண்ணத்தில் தூணில் கம்பியை நீட்டிவிடுகிறோமே, அதுபோல.

யார் கட்டுவது?

இந்த ஆறு வாரத்தில் எனக்கு முக்கியமாகப்பட்ட உரையாடல் பாடத்துக்கு வெளியே நடந்தது. துளை சரியாகப் பொருந்திய இரண்டாவது குழுவின் தலைவன், படிப்பில் பின்தங்கியவன் என்று நாங்கள் பட்டியலில் எழுதி வைத்திருக்கும் பையன். அவன் அப்பா வெல்டர், வளைகுடாவில் வேலை பார்க்கிறார். “கப்பலுக்கு இன்ஜினியர்தான சார் வேணும்” என்றான். இல்லை என்றேன். பொறியாளர் வேண்டும்தான். ஆனால் கப்பல் என்பது பற்றவைத்த தகடு. பற்றவைப்பவர், குழாய் பொருத்துபவர், மின்பணியாளர் இவர்கள் கை படாத ஓர் அங்குலமும் அதில் இல்லை.

அப்பாவிடம் பேசினானாம். மறுநாள் வந்து, “எங்கப்பா கப்பல் தகடுல பத்தவச்சதில்லையாம், ஆனா பத்தவச்ச இடத்த எக்ஸ்ரே எடுப்பாங்கன்னு சொன்னாரு சார்” என்றான். உண்மைதான். கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேட எக்ஸ்ரேயும் மீயொலியும் பயன்படுத்துகிறார்கள். மீயொலி ஒன்பதாம் வகுப்பு ‘ஒலி’ பாடத்தில் இருக்கிறது. அதை மருத்துவமனை ஸ்கேனோடு நிறுத்திவிடுகிறோம்.

ஆலோசனை கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கே சில வழிகள் தெரிந்திருக்க வேண்டும். மசகான் டாக்கின் தொழில் பழகுநர் பள்ளி எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. முடித்தவர்களைத் தனித்தனிப் பிரிவாக எடுக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புக்கு இளநிலைப் பட்டப்படிப்பு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் அதே படிப்பை விசாகப்பட்டின வளாகத்தில் நடத்துகிறது, தனி நுழைவுத் தேர்வு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. உயர்கல்வி வழிகாட்டல் நாளில் மருத்துவம், பொறியியல், வேளாண்மை என்று சொல்லி முடித்துவிடும் பட்டியலில் இவற்றை இந்த ஆண்டு சேர்த்தேன். விண்ணப்பத் தேதியும் வயது வரம்பும் ஆண்டுதோறும் மாறும், அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த தலைமுறை ஃபிரிகேட்டுக்கு ‘17 பிராவோ’ என்று பெயர் வைத்துத் திட்டமிட்டு வருகிறார்கள். நீலகிரிக்கு ஒப்பந்தத்திலிருந்து சேவை வரை பத்தாண்டு ஆயிற்று என்று கரும்பலகையில் ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது குழுத் தலைவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். “அந்தக் கப்பல் வரும்போது எனக்கு இருபத்தஞ்சு தாண்டிரும் சார். அதுக்குள்ள ஐ.டி.ஐ. முடிச்சிருவேன்.”

எங்கள் ரோந்துக் கப்பல் இப்போது ஆய்வக அலமாரியின் மேல் இருக்கிறது. ஜல்லியை எடுக்கவில்லை. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்கள் ஃபிரிகேட்தான் கட்டுவோம் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். 149 சென்டிமீட்டர். எங்கள் சிமெண்டுத் தொட்டியின் நீளம் 120. ஊர்க் குளத்தில் மிதக்கவிட ஊராட்சித் தலைவரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம்.